பிழை எங்கே பிடிபட வேண்டும்? செய்நிரல் மொழிகள் பற்றி ஒரு வைத்தியரின் பார்வை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளை முன்னிட்டு உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



எமது கல்லூரி நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் வேளையில் இம்மேடையில் நின்று பேசக் கிடைத்தது பெரும் பேறு. தலைப்பைக் கேட்டதும், வைத்தியருக்குச் செய்நிரல் மொழிகளோடு என்ன வேலை என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இன்று வைத்தியத்துறையில் கணினியோடு வேலை செய்பவர்கள் பலர் இருக்கின்றோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கென்றே மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் பட்டம் வழங்குகின்றது. நோயாளர் பதிவேடு, ஆய்வுகூட முடிவு, மருந்துக் கட்டளை என்று எல்லாமே கணினிக்குள் போகும்போது, அதற்குள் என்ன நடக்கிறது என்று அறிந்த வைத்தியர்கள் தேவைப்படுகின்றார்கள். அப்படித்தான் நாமும் ஸ்டெதஸ்கோப்போடு கீபோட்டையும் கையில் எடுத்தோம்.

பெற்றோர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை எந்தக் கணினி மொழியைப் படித்தால் நல்லது?" செய்நிரலாளர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். பைத்தன் என்பார் ஒருவர், ஜாவா என்பார் இன்னொருவர், ரஸ்ட் தெரியாவிட்டால் எதுவும் தெரியாது என்பார் மூன்றாமவர். ஊர்க் கோயில்களில் எந்தக் கோயில் பெரிது என்று வாதிடுவதைப் போல இந்த வாதம் முடிவதில்லை. நாமும் எமது அபிப்பிராயத்தைச் சொல்லத்தான் போகின்றோம். ஆனால் வைத்தியசாலையில் பழகிய கண்ணால் பார்த்துச் சொல்கின்றோம்.

எமது அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். மனிதர் எழுதும் எதிலும் பிழை வரும். அந்தப் பிழை எங்கே பிடிபடுகிறது? எழுதும்போதே பிடிபடலாம். செய்நிரல் ஓடும்போது பிடிபடலாம். இரண்டிலும் தப்பிவிட்டால் நோயாளரின் உடலில்தான் பிடிபடும். ஒரு மொழியோ கருவியோ பிழையை முதலாவது இடத்திலேயே பிடிக்க எவ்வளவு உதவுகிறது என்பதைத்தான் நாம் முதலில் பார்க்கின்றோம்.

சத்திரசிகிச்சைக்கூடத்தில் இருந்து ஓர் உதாரணம் தருகின்றோம். மயக்க மருந்து இயந்திரத்தில் ஒட்சிசன் சிலிண்டரும் நைத்திரசு ஒட்சைட்டுச் சிலிண்டரும் பொருத்தப்படும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்தினால் நோயாளர் இறந்துபோகலாம். இதைத் தடுக்க இயந்திரத்தின் பொருத்துமிடத்தில் சிறு ஊசிகள் வைத்திருக்கின்றார்கள். ஒவ்வொரு வாயுவுக்கும் ஊசிகளின் இடம் வேறு. ஒட்சிசனுக்கு 2ஆம், 5ஆம் இடங்கள். நைத்திரசு ஒட்சைட்டுக்கு 3ஆம், 5ஆம் இடங்கள். பிழையான சிலிண்டரை எடுத்து வந்தால் அது பொருந்தாது. நள்ளிரவில் களைத்துப்போன ஊழியரைப் பார்த்து "கவனமாக இரு" என்று புத்தி சொல்வதை விட இது எவ்வளவு மேல்!

செய்நிரல் மொழிகளில் இந்த ஊசியின் வேலையைச் செய்வதுதான் "வகை" என்பது. இது எண், இது எழுத்துத்தொடர், இது திகதி என்று மொழி பிரித்து அறிந்து, ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க விடாமல் தடுக்கும். சில மொழிகள் இதில் மிகக் கண்டிப்பு. சில மொழிகள் மிகத் தாராளம்.

தாராளத்துக்குப் பேர்போனது ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்று உலகின் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் இந்த மொழியில்தான் அசைகின்றன. இதில் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு நோயாளருக்குக் காலையில் 5 மில்லிகிராம், இரவில் 5 மில்லிகிராம் மருந்து. இணையப் படிவத்தின் பெட்டியில் தாதி 5 என்று தட்டினால், அது செய்நிரலுக்கு எண்ணாகப் போய்ச் சேர்வதில்லை, எழுத்தாகவே போகின்றது. எழுதியவர் அதை எண்ணாக மாற்ற மறந்துவிட்டு இரண்டையும் கூட்டச் சொன்னால், விடை 10 அன்று. இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 55 என்று காட்டும். அதே இரண்டையும் கழிக்கச் சொன்னால் சரியாக 0 என்று சொல்லும். கூட்டலில் ஒரு நியாயம், கழித்தலில் இன்னொரு நியாயம். எந்த எச்சரிக்கையும் வராது.

பைத்தன் சற்றுக் கண்டிப்பு. இரண்டும் எழுத்தானால் அதுவும் ஒட்டத்தான் செய்யும். ஆனால் ஒன்று எழுத்து, மற்றது எண் என்றால் ஓடாமல் நின்று பிழை சொல்லும். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட்டின் மேலேயே வகைகளைச் சேர்த்தது. மருந்தின் அளவு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால், எழுத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதே திரையில் சிவப்புக்கோடு விழும். நோயாளர் கட்டிலுக்கு வருமுன், செய்நிரல் ஓடுமுன், எழுதும் மேசையிலேயே பிழை பிடிபடுகின்றது. அதனால் வைத்தியசாலைக்கு இணைய மென்பொருள் எழுதுபவர்களுக்கு நாம் சொல்வது, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதாதீர்கள், டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள் என்பதே. வெளியில் இருந்து வரும் தரவை வாசலிலேயே சோதிக்கவும் வேண்டும். ஏனெனில் டைப்ஸ்கிரிப்ட்டின் காவல் எழுதும் நேரத்தோடு முடிந்துவிடும்.

வகை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. மில்லிகிராமும் எண்தான், மைக்ரோகிராமும் எண்தான். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைரொக்சினையும் டிகொக்சினையும் மைக்ரோகிராமில் எழுதும் நாம் இதை நன்கு அறிவோம். நல்ல செய்நிரலாளர் இவ்விரண்டையும் வெவ்வேறு வகைகளாகவே வரையறுத்து, ஒன்றோடு ஒன்று கலக்க முடியாதபடி எழுதிவைப்பார். மொழி அதற்கு இடம் தந்தாலும் அந்த அக்கறை மனிதரிடம் இருந்துதான் வர வேண்டும்.

அடுத்து வெற்றிடம். டொனி ஹோர் என்ற கணினி அறிஞர் 1965இல் ஒரு மொழியை வடிவமைத்தபோது "இங்கே எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கும் ஒரு குறியை அதில் சேர்த்தார். பிற்காலத்தில் அதைத் தமது நூறு கோடி டொலர்ப் பிழை என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார். இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணித் தொட்டு, எத்தனையோ செய்நிரல்கள் நடுவழியில் விழுந்திருக்கின்றன. எமது துறையில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. நோயாளர் அட்டையில் "மருந்து ஒவ்வாமை" என்ற பெட்டி வெறுமையாக இருக்கிறது. ஒவ்வாமை இல்லை என்று நோயாளர் சொன்னாரா, அல்லது எவரும் அவரிடம் கேட்கவே இல்லையா? பெனிசிலின் ஊசியைக் கையில் வைத்திருக்கும் தாதிக்கு இந்த இரண்டும் ஒன்றாகுமா? ரஸ்ட், கொட்லின் போன்ற புதிய மொழிகள், ஒரு பெட்டி வெறுமையாக இருக்கக்கூடும் என்றால் "வெறுமையானால் என்ன செய்வாய்?" என்பதற்கு விடை எழுதாமல் மேலே போக விடமாட்டா. இவை எமக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் புதுமை அன்று, இந்தக் கண்டிப்புத்தான்.

செய்நிரலே எழுதத் தெரியாதவர்களும் ஒவ்வொரு நாளும் பாவிக்கும் ஒன்று எக்செல். கந்தோர் தோறும் இருப்பதும் அதுதான். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச் 1, செப்ட் 2 என்பன போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. ஆய்வாளர் அந்தப் பெயரைத் தட்டியதும் எக்செல் அதைத் திகதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளியான ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இவ்வாறான பிழை இருந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதே 2020இல் இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆய்வுகூடங்களில் இருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய எக்செல் வடிவம் ஒன்றில் சேர்த்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது. மிகுதி சத்தமின்றி விழுந்துபோனது. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையும் பிந்தியது. நிரம்பியதும் கருவி உரக்கக் கத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எமது நாட்டில் இதற்கு ஒத்த ஒன்று தேசிய அடையாள அட்டை இலக்கம். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வருவது பன்னிரண்டு இலக்கம். பன்னிரண்டு இலக்கத்தை எக்செலில் தட்டிப் பாருங்கள், அதைப் பெரிய எண்ணாக எடுத்துச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தைத் தட்டினால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும். அடையாள அட்டை இலக்கத்தை யாராவது கூட்டுவார்களா, பெருக்குவார்களா? அது எண் வடிவில் உள்ள ஒரு பெயர். அதற்குள் பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களானால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதை அறியாத ஒருவர் நாள் 366க்கு மேல் இருக்க முடியாது என்று சோதனை எழுதினால், நாட்டின் பெண்கள் எல்லோருடைய அட்டையும் பிழை என்று திருப்பி அனுப்பப்படும். மொழியைக் கற்பதோடு, அது பேச வேண்டிய மக்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இனி எமது தமிழுக்கு வருவோம். கௌரி என்ற பெயரில் எத்தனை எழுத்து? முதலாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டு என்று சொல்லும். கோ என்ற மொழியிடம் நீளம் கேட்டால் 12 என்று சொல்லும், அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தனும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 4 என்று சொல்லும், அவை க, ஔகாரக் குறி, ர, இகரக் குறி என்று பிரித்து எண்ணுகின்றன. அப்பிளின் சுவிப்ட் மொழி மட்டும் 2 என்று எம்மைப் போல எண்ணும். ஒரே பெயருக்கு மூன்று விடை. பெயருக்கு இருபது இடம் போதும் என்று ஒரு செய்நிரலாளர் முடிவு செய்தால், எந்தக் கணக்கில் இருபது என்று கேட்க வேண்டும். பைட்டுக் கணக்கில் இருபது என்றால் ஆறு குறியோடு இடம் முடிந்துவிடும். தமிழ்ப் பெயர்கள் நடுவில் வெட்டுப்படும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. கௌரி என்பதை ஔகாரக் குறியோடு தட்டலாம். ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகவும் சிலர் தட்டுகின்றார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். போன மாதம் ஒருவர் ஒரு விதமாகவும் இந்த மாதம் இன்னொருவர் மறு விதமாகவும் பதிந்தால், ஒரே தாய்க்கு இரண்டு பதிவேடு உருவாகும். ஒன்றில் அவரது நீரிழிவு, மற்றதில் அவரது கர்ப்பகாலக் குறிப்பு. யூனிகோட் தரும் வழமையான சீராக்கமும் இந்தக் கலப்பைப் பிடிக்காது. தமிழ் அறிந்த ஒருவர் உட்கார்ந்து இதற்கென்று தனிச் சோதனை எழுத வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதில் "அம்மா" என்று திரையில் தெரிவது, கணினிக்கு உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அதுதான் வெளியே வரும். தேடினாலும் கிடைக்காது. பாமினியில் கிடக்கும் பழைய பதிவுகளை யூனிகோட்டுக்கு மாற்றித் தருவது, உயர்தரத்தில் பைத்தன் படிக்கும் ஒரு மாணவி ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய வேலை. எமது கல்லூரியின் பழைய மலர்களில் இருந்தே அதைத் தொடங்கலாம் என்று சங்கத்தினரிடம் கேட்டுக்கொள்கின்றோம்.

புதிய மொழிகளைப் புகழ்ந்துவிட்டோம் என்பதற்காகப் பழையவற்றை இகழ வேண்டாம். 1966, 67 அளவில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலையில் மம்ப்ஸ் என்ற மொழியை உருவாக்கினார்கள். பெயரைக் கேட்டால் கூகைக்கட்டு நோய் என்று நினைப்பீர்கள். அந்த வைத்தியசாலையின் பெயரின் முதலெழுத்தே அதன் தொடக்கம். செய்நிரலாளர்கள் இம்மொழியைக் கேலி செய்வார்கள். இதில் உள்ள ஒரே வகை எழுத்துத்தொடர்தான். எமது கணிதப் பாடத்தில் 2 கூட்டல் 3 பெருக்கல் 4 என்றால் 14. மம்ப்ஸ் இடமிருந்து வலமாகவே போய் 20 என்று சொல்லும். இருந்தும் அமெரிக்காவின் மிகப் பெரிய வைத்தியசாலைப் பதிவேட்டுத் தொகுதிகளின் அடியில் இன்றும் இந்த மொழி ஓடிக்கொண்டிருக்கின்றது. நோயாளரின் பதிவேட்டை விரைவாக எடுக்கவும் வைக்கவும் அது முதலில் இருந்தே ஏற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்த ஒன்றை மாற்றுமுன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

இதை இணையக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2006இல் ஜேகுவெரி வந்தது. 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியக்ட், 2014இல் வியூ. ஒவ்வொன்று வந்தபோதும் பழையதை விட்டு இதற்கு மாறுங்கள் என்றார்கள். ஆங்குலர்ஜேஎஸ் இற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றுவிட்டது. அதை நம்பி எழுதிய வைத்தியசாலை மென்பொருளின் கதி என்ன? ஒரு குழந்தையின் தடுப்பூசிப் பதிவு அந்தக் குழந்தை பாட்டியாகும் வரைக்கும் இருக்க வேண்டியது. பத்து ஆண்டு வாழும் கருவியின் மேல் எண்பது ஆண்டு வாழ வேண்டிய பதிவை முழுவதுமாகச் சாய்த்து வைக்கக் கூடாது. தரவு ஓரிடத்தில், திரை இன்னோரிடத்தில் என்று பிரித்து வைத்தால், திரை பழுதடைந்தாலும் தரவு பிழைக்கும்.

இரவல் நிரல்களும் அப்படியே. 2016 மார்ச்சில் ஒரு செய்நிரலாளர், தான் பொதுவில் வைத்திருந்த நிரல்களைக் கோபத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று லெப்ட்பாட். பதினொரு வரிகள்தான். எழுத்துத்தொடரின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நேராகவும் சுற்றிவளைத்தும் நம்பியிருந்த ஏராளமான செய்நிரல் திட்டங்கள் உலகமெங்கும் ஒரே நேரத்தில் கட்டமுடியாமல் நின்றுபோயின. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கலாம். ஒவ்வொரு நாளும் சோறு வாங்கி உண்ணலாமா? பதினொரு வரியை நாமே எழுதிவிட வேண்டியதுதான்.

வெளிமாவட்டக் கிளினிக் ஒன்றில் இருந்து, மெதுவான இணைப்பில், பழைய கைத்தொலைபேசியில் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் தரவு பதிவதாக எண்ணிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது அழகாக அசையும் பக்கமன்று. விரைவாகத் திறந்து, தட்டியதைத் தொலைக்காமல் வைத்திருந்து, தொடர்பு வந்ததும் அனுப்பும் பக்கம். இணையத்தின் முதல் பக்கம் சேர்ன் ஆய்வு நிறுவனத்தில் எழுதப்பட்டது. வெறும் எச்டிஎம்எல் என்பதால் இன்றைய உலாவியிலும் அது அப்படியே திறக்கின்றது. எளிமையாக எழுதியது நெடுங்காலம் வாழும்.

கருவியைச் சரியாகத் தெரிந்தெடுத்தால் என்ன பயன் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்துவரும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மென்பொருள், அடியில் ஜாவாவிலும் திரைப்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் எழுதப்பட்டது. 2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையில் முதலாவது கோவிட் நோயாளர் இனங்காணப்பட்டார். அக்காலப்பகுதியிலேயே சுகாதார அமைச்சும் உள்ளூர்த் தகவலியல் குழுவினரும் இந்த மென்பொருளின் மேல் கோவிட் கண்காணிப்புத் தொகுதியைக் கட்டிவிட்டார்கள். மருத்துவத் தகவலியல் கற்ற வைத்தியர்கள் அதில் முன்னின்றார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு பல நாடுகள் தமக்கென்று தொகுதிகளை அமைத்துக்கொண்டன. புதிதாக ஒரு மொழியையோ கருவியையோ அவர்கள் தேடிப் போகவில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய, உள்ளூரிலேயே திருத்தக்கூடிய ஒன்றின் மேல் கட்டினார்கள். அதனால்தான் அவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்தது.

நல்ல மொழி இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். தெராக்-25 என்ற கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தின் கதையை மருத்துவத் தகவலியல் கற்பவர்கள் எல்லோரும் படிக்கின்றோம். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்களுக்கு அது அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தார்கள். அதன் செய்நிரல் இயந்திரத்துக்கு மிக அண்மையான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஒரு சோதனை தேவையா இல்லையா என்பதைக் குறிக்க ஓர் எண்ணை வைத்திருந்தார்கள். பூச்சியம் என்றால் சோதனை வேண்டாம், வேறு எதுவானாலும் வேண்டும். அந்த எண்ணுக்கு ஒரு பெறுமானத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினார்கள். ஒரு பைட்டில் 255க்கு மேல் கொள்ளாது. 256ஆவது முறை அது மீண்டும் பூச்சியமாகும். அந்த ஒரு கணத்தில் இயக்குநர் பொத்தானை அழுத்தினால் சோதனை இன்றியே கதிர் பாயும்.

கண்டிப்பான மொழியில் எழுதியிருந்தால் இந்தப் பிழை தவிர்ந்திருக்கலாம். ஆனால் நான்சி லெவசன் என்ற பெண் அறிஞர் தமது சகாவோடு 1993இல் வெளியிட்ட ஆய்வு வேறு காரணங்களையும் காட்டியது. முந்திய இயந்திரங்களில் இருந்த பௌதிகப் பூட்டுகளை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று கழற்றிவிட்டார்கள். இயக்குநருக்கு எதுவும் விளங்காத பிழைச் செய்திகள் அடிக்கடி வந்ததால், அவற்றைத் தாண்டிப்போவது பழக்கமாயிற்று. கதிர் தம்மைச் சுட்டது என்று நோயாளர் சொன்னபோது, அப்படி நடக்கவே முடியாது என்று தயாரிப்பாளர் மறுத்தார்கள். நோயாளர் சொல்வதைக் கேள் என்பது எமக்கு மருத்துவபீடத்தில் முதலில் கற்பித்த பாடம். மென்பொருள் எழுதுபவருக்கும் அதுவே முதற்பாடம்.

தங்கைமாரே, இனி பெற்றோரின் கேள்விக்கு எமது விடை. முதல் மொழியாக உங்கள் உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள பைத்தன் போதும். 1991இல் வெளிவந்தது, வாசிக்க இலகுவானது, வைத்திய ஆய்விலும் பெரிதும் பாவிக்கப்படுவது. அதை அரைகுறையாக விட்டு வேறொன்றுக்குத் தாவாதீர்கள். இரண்டாவதாக வகையில் கண்டிப்பான ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜாவாவோ டைப்ஸ்கிரிப்ட்டோ ரஸ்ட்டோ, எதுவும் சரி. தொகுப்பான் உங்களை அதட்டும்போது கோபிக்காதீர்கள். கணிதப் பாடத்தில் செய்கை காட்டாவிட்டால் புள்ளி தரமாட்டேன் என்ற எமது ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு தரவுத்தளத்தின் மொழியான எஸ்கியூஎல்லையும் எச்டிஎம்எல்லையும் கற்றுவிடுங்கள். எத்தனை கருவிகள் வந்துபோனாலும் இவை இரண்டும் நிலைத்து நிற்கின்றன.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டவுடன் செய்நிரல் எழுதித் தருகின்றதே, இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எழுதுவது இலகுவாகிவிட்டது. 10 வர வேண்டிய இடத்தில் 55 வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது இலகுவாகவில்லை. கேட்டதும் கிடைக்கும் நிரலில் பிழை எங்கே என்று காணும் கண் வேண்டும். கௌரியை இரண்டு பேராக்கிவிட்டதே என்று காண்பதற்குத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். பெண்களின் அட்டையைத் திருப்பி அனுப்புகிறதே என்று காண்பதற்கு, அந்த 500 எதற்கென்று தெரிந்த ஒருத்தி அந்த மேசையில் இருக்க வேண்டும்.

கணினி ஆண்களின் துறை என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். மனிதர் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பானை 1952லேயே உருவாக்கியவர் கிரேஸ் ஹொப்பர் என்ற பெண். எங்கள் காலத்தில் இக்கல்லூரியில் இருந்து வைத்தியத்துக்குப் போனவர்கள் வைத்தியம் மட்டும், பொறியியலுக்குப் போனவர்கள் பொறியியல் மட்டும் என்று பிரிந்து போனோம். உங்களுக்கு அந்தச் சுவர் இல்லை. வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளை செய்நிரலையும் படியுங்கள். செய்நிரல் படிக்கும் பிள்ளை ஒரு நாள் வைத்தியசாலை விடுதியில் தாதியின் பக்கத்தில் நின்று, அவர் உங்கள் திரையோடு படும் பாட்டைப் பாருங்கள்.

பிழையை அழிறப்பரால் அழித்து மறைக்காமல் ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று இக்கல்லூரியின் ஆசிரியர்கள் எமக்குச் சொல்லித் தந்தார்கள். இன்றும் நோயாளர் குறிப்பில் நாம் அப்படித்தான் எழுதுகின்றோம்; நல்ல மென்பொருள் பதிவேடும் மாற்றங்களை அப்படித்தான் சேமிக்கின்றது.  அடுத்த நூற்றாண்டில் வைத்தியசாலைகளில் ஓடும் நல்ல மென்பொருள்களில் சிலவாவது உங்கள் கையால் எழுதப்பட வேண்டும் என்று வாழ்த்தி அமைகின்றோம்.